கல்வெட்டில் வராத வேலை

மீனாட்சிபுரம் எல்லையைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் சட்டமன்றத் தொகுதி. டீக்கடைப் பேச்சில் பாதி தமிழ், போர்டில் மலையாளம். எம்.எல்.ஏ.வின் வாரம் மட்டும் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான்: காலையில் வாசலில் மனுக்கள், முதலமைச்சர் நிவாரண நிதிக்குச் சிபாரிசுக் கடிதம், சாவு வீடு, கல்யாண வீடு, பள்ளிக் கட்டடத் திறப்பு, சபை கூடினால் தலைநகருக்கு ரயில். இதை நான் மட்டம் தட்டவில்லை. டயாலிசிஸுக்குப் பணம் புரட்ட முடியாதவருக்கு அந்த லெட்டர்பேடுதான் அரசாங்கம். ஆனால் இதை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் எல்லாக் கட்சிக்காரர்களும் பாஸாகிவிடுவார்கள். ஊர்ப் பிரச்சினை ஒன்று டெல்லிவரை போகிறது. வழியில் எங்கேயோ நின்றுவிடுகிறது. நின்ற இடத்துக்குப் போய் யார் தட்டினார்கள்? என்னுடைய கேள்வி இதுதான். சித்தூரில் இதைக் கேட்டுப் பார்க்க இரண்டு விவகாரங்கள் இருக்கின்றன. இரண்டுமே தண்ணீர்.

முதலாவது பி.ஏ.பி. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29 அன்று கையெழுத்தானது. 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்று வைத்துக்கொண்டார்கள். அதன்படி மணக்கடவு அணையில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும். முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு என்பதால் 1988லேயே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். 1980இல் முதன்முதலாக இந்தத் தொகுதியில் ஜெயித்த கே. கிருஷ்ணன்குட்டிக்கு அரசியல் என்றாலே இந்தத் தண்ணீர்தான். அடிப்படையில் விவசாயி. 2018 நவம்பரில் நீர்வளத் துறை அமைச்சரானார். 2019 செப்டம்பரில் அன்றைய முதலமைச்சர்கள் பினராயி விஜயனும் எடப்பாடி பழனிசாமியும் திருவனந்தபுரத்தில் சந்தித்துப் பேசினார்கள். ஒப்பந்தம் திருத்தப்படவில்லை. இருந்தாலும் இங்கே அவருக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன். மூலத்தறை வலதுகரைக் கால்வாயை மழை மறைவுப் பகுதியான கிழக்குப் பஞ்சாயத்துகளுக்கு நீட்டும் வேலையை அவர் விடாமல் தள்ளினார். பொள்ளாச்சி விவசாயிக்கு அவர் தண்ணீர் கேட்டு நச்சரிக்கிறவராகத் தெரியலாம், அதற்குத்தானே அனுப்பினார்கள். அந்தக் கிழக்குப் பஞ்சாயத்துகளில் ஒன்றான எருத்தேம்பதியில் தமிழ் பேசும் விவசாயி, தமிழ்நாட்டிடம் தண்ணீர் கேட்க மலையாள எம்.எல்.ஏ.வைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது பிளாச்சிமடா. மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே, பெருமாட்டி பஞ்சாயத்தில். 2000இல் கொக்கோ கோலா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கொஞ்ச நாளிலேயே சுற்றுவட்டாரக் கிணறுகளின் தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி ஆனது. ஆலையில் மிஞ்சிய கழிவுச் சேற்றை உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குச் சும்மாவே கொடுத்தார்கள்; அவர்களும் வயலில் கொட்டினார்கள். 2003இல் பி.பி.சி. வானொலி அந்தச் சேற்றைப் பரிசோதனைக்கு அனுப்பியபோது காரீயமும் காட்மியமும் இருந்தது தெரிந்தது. அதற்குள் 2002 ஏப்ரல் 22 அன்றே இரவாளர், மலசர் பழங்குடி மக்கள் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் மயிலம்மா. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. இந்தக் கதையில் முதுகெலும்போடு நின்ற மக்கள் மன்றம் எது என்று கேட்டால், சட்டமன்றமும் அல்ல, நாடாளுமன்றமும் அல்ல, பஞ்சாயத்து.

சட்டமன்றத்தின் முறை பிறகுதான் வந்தது. அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010 மார்ச்சில் சேதத்தை 216.26 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. இழப்பீடு வாங்கித் தரச் சிறப்புத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதா 2011 பிப்ரவரி 24 அன்று ஒருமனதாக நிறைவேறியது. தேதியைக் கவனியுங்கள்: ஏப்ரலில் தேர்தல். ஓட்டு கேட்கப் போகும் நேரத்தில் இப்படியொரு மசோதாவை எதிர்த்துக் கை தூக்க யாருக்குத் துணிச்சல் வரும்? மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்காக டெல்லி போனது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 2015 இறுதியில் ஒப்புதல் இல்லாமல் திரும்பி வந்தது. பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் ஏற்கெனவே இருக்கும்போது இது எதற்கு என்பது டெல்லித் தரப்பின் வாதம்.

சட்டமன்ற உறுப்பினர்களுக்காக ஒரு நியாயம் பேச முடியும். அரசமைப்பின் 201ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்குக் காலக்கெடு எதுவும் வைக்கவில்லை. தமிழ்நாட்டு ஆளுநர் வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதம் என்று கெடு வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் அரசமைப்பு அமர்வு, அப்படிக் கெடு விதிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. டெல்லியில் மாட்டிக்கொண்ட மசோதாவை ஒரு எம்.எல்.ஏ. என்ன செய்துவிட முடியும்?

இந்த வாதம் பாதி தூரம்தான் வரும். 2011 முதல் 2014 வரை கேரளத்தில் காங்கிரஸ் தலைமையிலான அரசு, டெல்லியிலும் காங்கிரஸ் தலைமையிலான அரசு. அப்போது சித்தூரின் உறுப்பினர் கே. அச்சுதன், அவரும் காங்கிரஸ். ஒரே கட்சி இரண்டு முனையிலும் உட்கார்ந்திருந்தும் கோப்பு நகரவில்லை என்றால் பழியைக் கூட்டாட்சியின் மேல் போட முடியாது. 2016இல் இடதுசாரி அரசு வந்தது. தண்ணீர், விவசாயம், பொது சுகாதாரம் மூன்றும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஒப்புதல் கிடைக்காத மசோதாவைப் பிரித்து, டெல்லியின் ஆட்சேபம் தொடாத வகையில் புதிதாக எழுதிச் சபையில் வைக்க முயன்றிருக்கலாம். அந்த முயற்சியும் தோற்றிருக்கலாம்தான். அதையாவது சபையில் பார்த்திருப்போம். அப்போது சித்தூரின் உறுப்பினரான கிருஷ்ணன்குட்டி 2018 முதல் அமைச்சரவையிலேயே இருந்தவர். பி.ஏ.பி.க்காகக் காட்டிய பிடிவாதத்தில் கால்வாசியை இங்கே காட்டவில்லை என்பது என் தீர்ப்பு. காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. கால்வாய்த் தண்ணீர் பாய்வது நிலம் வைத்திருப்பவர்களின் வயலில். பிளாச்சிமடாவில் கிணறு கெட்டவர்களில் பெரும்பாலோர் கூலிக்குப் போகிறவர்கள், ஓட்டுக் கணக்கில் சின்னத் தொகை.

கேரள சபையில் வெள்ளிக்கிழமை தனிநபர் அலுவல் நாள். அமைச்சர் அல்லாத எந்த உறுப்பினரும் அன்று மசோதா கொண்டுவரலாம். சித்தூர்க்காரர்தான் கொண்டுவர வேண்டும் என்றும் இல்லை. 140 பேர் இருக்கிறார்கள், 2011இல் ஒருமனதாக நிறைவேற்றிய முக்கியக் கட்சிகள் உள்ளே இருக்கின்றன. ஆகவே குற்றம் ஒரு தொகுதியோடு நிற்கவில்லை. ஆனால் பங்கு சமம் என்றும் நான் சொல்ல மாட்டேன்: அமைச்சராக இருந்தவரின் பங்கு பெரியது, பக்கத்து ஊர்க்காரரின் பங்கு அதைவிடப் பெரியது, கிருஷ்ணன்குட்டி இரண்டுமாக இருந்தார்.

2023இல் நிறுவனம் அந்த ஆலை நிலத்தை, ஏறத்தாழ 35 ஏக்கரை, கட்டடத்தோடு அரசுக்கே கொடுத்துவிட முன்வந்தது. அங்கே என்ன கட்டலாம் என்ற பேச்சு உடனே சூடு பிடித்தது. அதற்கு அடிக்கல்லும் கல்வெட்டும் கிடைக்கும். நிலத்தை வாங்கிக்கொள்ளட்டும், தப்பில்லை. ஆனால் அதை 216.26 கோடிக் கணக்கில் ஒரு பைசாகூட வரவு வைக்கக் கூடாது. நிலம் வந்து சேர்வது அரசுக்கு. கிணறு கெட்டது வேறு ஆட்களுக்கு.