லாரி ஏறும் வயல் தண்ணீர்

கோடையில் மயிலாப்பூர், தி.நகர் அடுக்குமாடிகளுக்கு வரும் லாரித் தண்ணீர் எந்த ஊர் வயலுக்கு அடியில் கிடந்தது என்று நாம் கேட்பதில்லை. கேட்கவேண்டிய சட்டம் 1987லேயே வந்துவிட்டது. சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடிநீர் ஒழுங்குமுறைச் சட்டப்படி, நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் கிணறு தோண்ட அனுமதி வேண்டும். லாரியில் நீர் எடுத்துச் செல்ல உரிமம் வேண்டும்.

அது தேவையான சட்டம்தான். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே புகுந்து, கிணறுகள் உப்பாகி, பல வயல்கள் கெட்டன. நிலம் யாருடையதோ அடியில் உள்ள நீரும் அவருடையதே என்ற பழைய உரிமைக்கு ஒரு வரம்பு கட்டாமல் இந்த அழிவைத் தடுக்க முடியாது.

ஆனால் கட்டிய வரம்பில்தான் ஓட்டை. கிணற்றுக்கும் வண்டிக்கும் தாள் இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே நிர்வாகம் நின்றுவிடுகிறது. ஓர் ஊரிலிருந்து மொத்தம் எவ்வளவு நீர் வெளியேறலாம் என்பதற்குக் கணக்கு வைப்பதில்லை. 1990 முதல் விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்பதால், செலவும் இறைப்பவரைத் தடுப்பதில்லை. வறட்சிக் காலங்களில் சென்னைக் குடிநீர் வாரியமே ஆரணி, கொசஸ்தலை ஆற்றுப் படுகை விவசாயிகளிடம் தண்ணீர் வாங்கியது. விற்றவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை; நெல் தராத வருமானத்தை நீர் தந்தது. அடி விழுவது பக்கத்து வயல்காரருக்கு. அவருடைய ஆழமில்லாத கிணறு வற்றும். நடவு நின்றால் குத்தகைக்காரருக்குப் பயிர் இல்லை, கூலியாளுக்கு வேலை இல்லை. நீர் விற்ற பணத்தில் இவர்களுக்கு ஒரு பைசா பங்கும் கிடையாது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த எஸ். ஜனகராஜன் இந்த நீர்ச் சந்தையைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

மாநிலம் முழுமைக்குமாக 2003ல் இயற்றிய நிலத்தடிநீர்ச் சட்டம் நடைமுறை காணாமலே 2013ல் ரத்தானது. அதே 2003ல் கட்டாயமான மழைநீர் சேகரிப்போ நகரக் கிணறுகளில் நீர்மட்டத்தை உயர்த்திக் காட்டியது; செயல்படுத்தினால் சட்டம் பலன் தரும்.

ஆனால் அனுமதியும் உரிமமும் மட்டும் போதாது. லாரி நீருக்கு ஊர்வாரியாக உச்சவரம்பு வேண்டும். விற்பனைக்குக் கிராமசபையின் ஒப்புதல் வேண்டும். வற்றும் கிணற்றுக்கும் இழந்த கூலிக்கும் இழப்பீடு வேண்டும். லாரிக்குப் பணம் கட்டும் குடியிருப்புச் சங்கங்கள் அடுத்த கோடைக்கு முன் இதை அரசிடம் கேட்கட்டும்.