சுவரில் இருப்பவரும் கவுன்ட்டரில் நிற்பவரும்

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். அம்மா திண்ணையில் உட்கார்ந்தபடியே வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறி, தூணில் சாய்ந்துவிட்டார். வீட்டில் இருந்த மீட்டரில் சர்க்கரை 48 காட்டியது. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்து, ஒருவழியாக நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். கிளிமிபிரைடு 1 மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் 2 மில்லிகிராம் அட்டை. கம்பெனி அதே, பெயர் அதே, அட்டையின் நிறமும் ஏறக்குறைய அதே. அந்த ஒற்றை எண் மட்டும் வேறு. ஒரு வாரமாக அம்மா இரட்டிப்பு அளவு சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

வாழப்பாடியில் நாங்கள் வழக்கமாக வாங்கும் கடை. பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் இது அந்தக் கடையைப் பற்றிய புகாராகிவிடும். நான் எழுத வந்தது வேறு. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு சண்டை போடத்தான் போனேன். கவுன்ட்டரில் இருந்த தம்பி அதை வாங்கிப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "ஒண்ணு ஸ்டாக் இல்லீங்ணா. அதேதான், குடுத்துடுன்னு சொன்னாங்க. நான் நம்பரைப் பாக்கலைங்ணா. அம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

அந்தத் தம்பி பன்னிரண்டாவது முடித்துவிட்டு அங்கே சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. எந்த மருந்து எந்த அடுக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். நமக்கு எறும்பு ஊர்ந்த மாதிரித் தெரியும் டாக்டர் கையெழுத்து அவருக்கு மட்டும் எழுத்தாகத் தெரியும். புழுதிக்குட்டை, அருநூத்துமலைப் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிற வயசானவர்கள் டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டதையெல்லாம் அவரிடம்தான் கேட்பார்கள். அவர் தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் மருந்தாளுநர் பதிவுச் சான்றிதழ் தொங்குகிறது. அந்தப் புகைப்படத்தில் இருக்கும் முகத்தை நான் அந்தக் கடையில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

சண்டை போடப் போனவன் வீட்டுக்கு வந்து சட்டத்தை எடுத்துப் படிக்க உட்கார்ந்தேன். அந்தத் தம்பி சட்டத்தின் கண்ணில் யார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இரண்டு சட்டம், இரண்டு பேச்சு

1948-ம் வருஷத்து மருந்தியல் சட்டத்தின் 42-வது பிரிவு சுருக்கமானது. மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்தைக் கூட்டவோ, தயாரிக்கவோ, கலக்கவோ, வழங்கவோ பதிவு பெற்ற மருந்தாளுநர் தவிர வேறு யாருக்கும் உரிமை இல்லை. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்திருந்தார்கள். 2023-ல் ஜன் விஸ்வாஸ் சட்டம் அபராதத்தை லட்சக்கணக்குக்கு உயர்த்தியது. இந்தப் பிரிவுப்படி அந்தத் தம்பி பதினோரு வருஷமாகத் தினமும் குற்றம் செய்துகொண்டிருக்கிறார்.

அப்படியே 1945-ம் வருஷத்து மருந்து விதிகளுக்கு வாருங்கள். விதி 65-ன் இரண்டாவது உட்பிரிவு, சீட்டுக்கு மருந்து கொடுப்பதைப் பதிவு பெற்ற மருந்தாளுநரே செய்ய வேண்டும், அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்கிறது. 'அல்லது' என்ற அந்த ஒரு சொல்லில்தான் இந்த நாட்டின் மருந்துக் கடைகள் அத்தனையும் நின்றுகொண்டிருக்கின்றன. மேற்பார்வையில் கொடுக்கலாம் என்றால், கொடுக்கிற அந்த இன்னொருவர் யார்? என்ன படித்திருக்க வேண்டும்? எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? இதற்கு விதியில் ஒரு வரி பதில் கிடையாது. ஒரு சட்டம் அவர் இருக்கவே கூடாது என்கிறது, இன்னொன்று இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறது. இரண்டுமே அவர் பெயரைக் கேட்பதில்லை.

42-வது பிரிவின் வினைச்சொற்களையும் கொஞ்சம் கவனியுங்கள். கூட்டுவது, தயாரிப்பது, கலக்குவது எல்லாம் கம்பவுண்டர் காலத்து வேலைகள். என் தாத்தா மிக்சர் பாட்டிலில் அளவுக்கோடு வெட்டிய காகிதம் ஒட்டி வாங்கி வந்த கதையைச் சொல்லுவார். இன்றைக்கு வாழப்பாடிக் கடைகளில் யாரும் எதையும் கலக்குவதில்லை. மருந்து அட்டையாகவே வருகிறது. மிச்சம் இருப்பது 'வழங்குவது' ஒன்றுதான். 'அட்டையை எடுத்துக் கொடுக்க எதுக்கு சார் படிப்பு?' என்று கடைக்காரர்கள் கேட்பது இதை வைத்துத்தான். ஆபத்து கலக்குவதிலிருந்து படிப்பதற்கு இடம் மாறிவிட்டது என்பதை அவர்கள் பார்க்கவில்லை. பெயரில் ஒரு எழுத்து, பக்கத்தில் ஒரு எண், தினமும் ஒன்றா வாரத்துக்கு ஒன்றா என்பது, இவற்றில்தான் இப்போது உயிர் இருக்கிறது. எங்கள் வீட்டில் அது 1-க்கும் 2-க்கும் நடுவில் இருந்தது.

கதவு திறந்திருந்த காலம்

அனுபவக்காரர்களைச் சட்டம் எப்போதுமே வெளியே நிறுத்தியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு. முதல் பதிவேடு தயாரிக்கும்போது யாரைச் சேர்க்கலாம் என்று 31-வது பிரிவு சொல்கிறது. பட்டம், டிப்ளமோ எல்லாம் சொல்லிவிட்டு, மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் மருந்து கூட்டும் வேலை பார்த்தவர்களுக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். 1976-ல் வந்த திருத்தம், இலங்கை, பர்மா, உகாண்டாவிலிருந்து திரும்பி வந்தவர்களில் இந்தத் தொழிலை நம்பிப் பிழைத்தவர்களுக்குத் தனியாக ஒரு வழி வைத்தது. 42-வது பிரிவை அமல்படுத்த மாநிலங்கள் தேதி குறிக்காமல் இழுத்தடித்ததால், கடைசியில் சட்டமே ஒரு கெடு வைக்க வேண்டி வந்தது. அந்தக் கெடு முடிந்தது 1984-ல். அதாவது சட்டம் பிறந்து 36 வருஷம் கழித்து.

அதற்குப் பிறகு கதவு மூடிவிட்டது. மூடியது சரிதான் என்பதே என் கருத்து. இரண்டு வருஷ டி.பார்ம் படிப்பும் 500 மணி நேரப் பயிற்சியும் தருகிற அறிவை, அடுக்கிலிருந்து எடுத்துக் கொடுத்த பழக்கம் தராது. ஒரு மருந்தோடு இன்னொன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பது எத்தனை வருஷம் நின்றாலும் கவுன்ட்டரில் தானாகத் தெரிந்துவிடாது. ஆனால் கதவை மூடியவர்கள், வெளியே நின்றவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று நம்பிக்கொண்டார்கள். அவர்கள் கவுன்ட்டரிலேயேதான் நின்றார்கள்.

கணக்கு உதைக்கிறது

எங்கள் கடை காலை எட்டுக்குத் திறந்து ராத்திரி பத்துக்குச் சாத்துகிறது. ஒரு நாளைக்கு 14 மணி நேரம், வாரத்துக்கு 98. ஒரு ஆள் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்று வைத்தால், ஒரு கடைக்கு இரண்டு மருந்தாளுநர்கூடப் போதாது. நம் ஊர்க் கடைகளில் லைசென்ஸுக்குக் காட்டுவது பெரும்பாலும் ஒரே ஒரு சான்றிதழ். எல்லாரும் நேர்மையாக நடந்தாலும், வாரத்தில் பாதி நேரம் கடை மேற்பார்வை இல்லாமல்தான் ஓடியாக வேண்டும். சட்டத்தை மீறுகிற கெட்டவர்கள் நாலு பேர் என்ற கதை இங்கே செல்லாது. மீறினால்தான் கடை நடக்கும் என்கிற மாதிரி ஏற்பாடே அமைந்திருக்கிறது. சான்றிதழை வாடகைக்கு விடுவது இந்த ஓட்டையில் முளைத்த தொழில். கொடுப்பவருக்கு மாதம் ஒரு தொகை, வாங்குபவருக்குச் சுவரில் ஒரு படம்.

2015-ல் மருந்தியல் நடைமுறை விதிமுறைகள் வந்தன. மருந்தின் பெயர், அளவு, எப்படிச் சாப்பிடுவது, பக்கவிளைவு, ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்வது என்பதையெல்லாம் மருந்தாளுநர் நோயாளியிடம் விளக்க வேண்டும் என்று அதில் அழகாக எழுதியிருக்கிறார்கள். படிக்கப் படிக்க ஏக்கமாக இருந்தது. சுவரில் தொங்கும் படம் எப்படி விளக்கும்?

2022 நவம்பரில், பீகார் வழக்கு ஒன்றில், போலி மருந்தாளுநர்களை வைத்து மருத்துவமனைகளோ மருந்துக் கடைகளோ நடக்காமல் பார்த்துக்கொள்வது மாநில அரசும் மருந்தியல் கவுன்சிலும் செய்ய வேண்டிய கடமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் 'போலி' என்ற சொல் எங்கள் கடைத் தம்பிக்குப் பொருந்துமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். தான் மருந்தாளுநர் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவரைக் கேட்டவர்களும் இல்லை.

எமிலி சட்டம்

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் 2006-ல், இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுக்குப் புற்றுநோய் மருந்தைக் கலந்த கரைசலில், ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டிய உப்பு 23 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. குழந்தை எமிலி இறந்துபோனாள். கலந்தவர் மருந்தாளுநரின் உதவியாளர். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட மருந்தாளுநர் உரிமத்தை இழந்து ஆறு மாதத் தண்டனை பெற்றார். உதவியாளர்களுக்கு அங்கே அப்போது பதிவும் இல்லை, கட்டாயப் பயிற்சியும் இல்லை. குழந்தையின் பெயரிலேயே 2009-ல் சட்டம் வந்தது. உதவியாளருக்கும் தகுதி, பயிற்சி, தேர்வு என்று ஆனது. பிரிட்டனில் 2011 ஜூலை முதல் பதிவு இல்லாமல் யாரும் 'ஃபார்மசி டெக்னீஷியன்' என்று வேலை பார்க்க முடியாது.

அந்த ஊர்களை அப்படியே காப்பியடிக்கச் சொல்லவில்லை. கையை எடுத்துக் கவுன்ட்டரில் வைக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வேண்டும் என்ற ஒரே ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

எதிர்ப்பும் நியாயம்தான்

இதைச் சொன்னவுடன் டி.பார்ம், பி.பார்ம் படித்தவர்கள் கோபப்படுகிறார்கள். 'படிச்ச நாங்களே வேலையில்லாம இருக்கோம். உதவியாளருக்கும் பதிவுன்னா கடைக்காரர் எங்களை எதுக்குக் கூப்பிடுவார்?' என்று ஒரு நண்பர் கேட்டார். பயம் நிஜமானது. அரசின் முதல்வர் மருந்தகத் திட்டத்தில்கூட, டி.பார்ம், பி.பார்ம் சான்று பெற்றவர்கள், அல்லது அவர்களின் ஒப்புதலோடு மற்றவர்கள், விண்ணப்பிக்கலாம் என்று வைத்தார்கள். ஒப்புதல் என்பது நாள் முழுக்கக் கடையில் இருக்கும் ஆளா, தாள் மட்டுமா என்பதைக் கண்காணிக்காவிட்டால், அரசுத் திட்டத்திலும் சுவர்ப்படம்தான் மிஞ்சும்.

அதனால் என் யோசனை இதுதான். உதவியாளர் பதிவை லைசென்ஸுக்கான தகுதியாக ஒருபோதும் எண்ணக் கூடாது. கடை திறந்திருக்கும் மணிக்கணக்குக்கு ஏற்ப எத்தனை மருந்தாளுநர் வேண்டும் என்று விதியிலேயே எழுத வேண்டும். அப்போது படித்தவர்களுக்கு வேலை கூடுமே தவிரக் குறையாது. உதவியாளருக்கு மாநிலக் கவுன்சிலில் தனிப் பட்டியல், சில மாதப் பயிற்சி, சட்டையில் பெயர்ப்பட்டை. சீட்டை வாங்கலாம், எடுக்கலாம், எண்ணலாம். நோயாளி கைக்குப் போகும் முன் மருந்தாளுநர் ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும். 42-வது பிரிவும் விதி 65-ம் ஒரே பேச்சைப் பேச வேண்டும். இவ்வளவும் நடந்தாலும் தவறு நடக்கும். நடந்தால் யாரைக் கேட்பது என்பதாவது தெரியும்.

அம்மா இன்னமும் அதே கடைக்குத்தான் போகிறார். அந்தத் தம்பி இப்போதெல்லாம் அட்டையைக் கொடுக்கும் முன்னால் திருப்பிக் காட்டி, "ஒண்ணுங்கம்மா, ரெண்டு இல்லை" என்று வாய்விட்டுப் படிக்கிறார். பேனாவால் பெரிதாக வட்டமும் போட்டுத் தருகிறார். இதை அவருக்கு எந்தக் கவுன்சிலும் சொல்லித்தரவில்லை. அம்மா சாய்ந்து விழுந்ததில் கற்றுக்கொண்டார். பக்கத்துக் கடையில் நிற்கிற தம்பிக்கு இன்னும் யாரும் சொல்லித்தரவில்லை.