மேலச்சுக் காசுகளும் சொல்லாட்சிக் குழப்பமும்

காசின்மீது பின்னர் இடப்பட்ட குறி எதுவாயினும் அதனை ‘மேல்முத்திரை’ எனச் சுட்டுவது போதாது. உளிவெட்டு, எதிர்முத்திரை, மேலச்சு ஆகிய மூன்றும் வெவ்வேறு செயல்கள். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவை பேரரசரின் தலையுருவின்மேல் வெட்டுண்டவை. அவ்வெட்டு உருவைச் சிதைத்ததேயன்றி வேறெவர் பெயரையும் பொறிக்கவில்லை. அதனை மேலச்சு என்பது பிழை.

மேலச்சு என்பது பழங்காசையே வெற்று வில்லையாகக் கொண்டு இருபுறமும் புதிய அச்சுகளால் அடிப்பது. பைசாந்தியப் பேரரசர் எராக்கிளியசு (610–641) முன்னோரின் செப்புக்காசுகளை இவ்வாறு மீள அடித்தார். சிசிலியிலோ பழங்காசில் சிறு எதிர்முத்திரை மட்டுமே இடப்பட்டது. இந்தியாவில் தக்க சான்று நாசிக் அருகே சோகல்தம்பியில் 1906இல் கிடைத்த புதையல். நகபானனின் 13,000க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கின்மேல் கௌதமிபுத்திர சாதகர்ணியின் மலைமுகடும் உச்சயினிக் குறியும் உள்ளன. அடியச்சில் எஞ்சிய தலையுருவையும் கிரேக்க எழுத்துகளையும் படித்ததனாலேயே இருவரின் கால முறைமை ஐயமின்றித் தெளிந்தது. மேலச்சை மட்டும் பதிவு செய்திருந்தால் அவை வெறும் சாதவாகனக் காசுகளே.

சாய்வொளியில் காசைச் சுழற்றிப் பார்த்தால் மேலச்சின் அமைப்போடு பொருந்தாத எழுத்துத் துணுக்கு பெரும்பாலும் விளிம்பருகே புலப்படும். அச்சு நழுவி இருமுறை விழுந்த காசும் இவ்வாறே மயக்கும். ஆயின் அங்கு மீள்வது அதே உருவம். எனவே அடியச்சை முகப்பு, பின்புறம் எனத் தனித்தனியே, அதன் சாய்கோணத்தோடு குறித்தல் வேண்டும். படிக்க இயலாதவிடத்தும் ‘தேய்ந்தது’ என்று கடந்துவிடாமல், எஞ்சிய கோடுகளை வரைந்து காட்டுவதே முறை.