நிவாரணமும் மதிப்பீடும்: மலையக நோக்கு

அனர்த்தகால உதவியை மதிப்பிடுவோர் பெரும்பாலும் கொடுத்தவற்றின் கணக்கையே எடுக்கின்றனர். எத்தனை பொதிகள், எத்தனை கூடாரங்கள் என்பன அறிக்கையில் இடம்பெறுகின்றன. உதவி சேராதோர் யாவர், அஃது ஏன் சேரவில்லை என்னும் வினா அரிதாகவே எழுகின்றது.

2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையின் பின் உலக நிறுவனங்கள் பல இணைந்து நடத்திய சுனாமி மதிப்பீட்டுக் கூட்டமைப்பின் ஆய்வு 2006இல் வெளிவந்தது. தம் குறையைத் தாமே ஒப்புக்கொண்டமை அதன் சிறப்பு. முதல் நாட்களில் உயிர்காத்தவர் பெரும்பாலும் அயலவரே என்பதும், பின்னர் வந்தோர் உள்ளூர் ஆற்றலைப் பலவிடத்துப் புறந்தள்ளினர் என்பதும் அதன் முடிபுகள். உதவியின் உரிமை பாதிக்கப்பட்டோரிடமே இருத்தல் வேண்டும் என்று அது வற்புறுத்தியது.

இம்முடிபை மலையகத்தில் வைத்து உரைத்துப் பார்த்தல் தகும். தோட்டத்தில் லயமும் நிலமும் தொழிலாளருடையன அல்ல. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவை வழங்கத் தடையாயிருந்தது. 2018இலேயே அது திருத்தப்பட்டது. அக்கரப்பத்தனைக்கெனத் தனிப் பிரதேச சபை முதன்முதலாகத் தெரிவானதும் அவ்வாண்டுத் தேர்தலிலேதான். நிலமற்றவர், நெடுங்காலம் சபையுமற்றவர், உதவிக்கு உரிமையாளராதல் எங்ஙனம்? கூட்டமைப்பின் ஆய்வு இவ்வினாவுக்கு விடை தரவில்லை.

மீரியபெத்தை இதற்குச் சான்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி அங்கு மலை சரிந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அபாயத்தை உணர்த்தியிருந்தது. எனினும் மக்கள் அவ்லயங்களிலேயே வாழ்ந்தனர். சரிந்தபின் உணவும் உடையும் நாடெங்குமிருந்து வந்து சேர்ந்தன. ஆயின் குடும்பங்கள் பல பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்கிக் காத்திருந்தன. 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இலேயே. சரிவு நாளிலிருந்து தொடங்கும் மதிப்பீடு பொதி வழங்கலை வெற்றியென எழுதும். 2005இலிருந்து தொடங்குவதோ அதே நிகழ்வைத் தோல்வியென எழுதும்.

அவசர வேளையில் விரைவே முதன்மையானது, விசாரணைக்கு நேரமில்லை என்பர் சிலர். அது மறுப்பதற்கில்லை. ஆயின் முதல் எச்சரிக்கைக்கும் சரிவுக்கும் இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளை அவசர வேளை எனல் பொருந்தாது.

2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டை மீண்டும் உலுக்கியது. அந்நிவாரணத்தை ஆராயப் புகுவோர் வழங்கிய பொதிகளை எண்ணுமுன், அபாயச் சரிவில் இன்னும் எத்தனை லயங்கள் நிற்கின்றன என்பதை எண்ணுதல் வேண்டும். அவ்வெண்ணிக்கை குறையாதவரை எந்த அறிக்கையும் முற்றுப்பெற்றதாகாது.