விருத்தாசலத்தில் திர்ஹாம்

பீங்கான் பொம்மை வாங்கப் போனவன், விருத்தாசலம் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சுப் பையன் கேட்டான்: "அங்கிள், லார்வான்னு ஒரு வார்த்தை இருக்குல்ல?"

ஐந்தாவது படிக்கிறானாம். லீவு ஹோம்வொர்க். ஊர்ப் பெயரில் உள்ள ஆங்கில எழுத்துகளை மட்டும் வைத்து இருபது சொற்கள் எழுத வேண்டும். எதிரே ரயில்வேயின் மஞ்சள் போர்டு. மொத்தம் பதின்மூன்று எழுத்து. ஏ மூன்று, டி இரண்டு, ஹெச் இரண்டு, மற்றதெல்லாம் ஒவ்வொன்று. சைல்டு, சேர், மார்ச், சார்ம் என்று பன்னிரண்டு வரைக்கும் சொந்தமாகவே வந்திருந்தான். நகம் கடித்துக்கொண்டு பதின்மூன்றாவதைத் தேடும்போதுதான் அந்த லார்வா.

அவன் அம்மா, "எதுக்குடா கஷ்டப்படறே? போன்ல போட்டா வந்துடும்" என்று எழுத்துகளைத் தட்டினார். வந்துவிட்டது, நூற்றுக்கணக்கில். பையன் அதிலிருந்து எட்டை அள்ளி எழுதி நோட்டை மூடினான்.

இந்த விளையாட்டின் மீது எனக்குக் கோபமில்லை. நானே அடிமை. போர்டைப் பார்த்ததும் என் பி.காம். புத்திக்கு முதலில் தெரிந்தது கரன்சிதான். லிரா, ரியால், டிராக்மா, திர்ஹாம் என்று நாலு நாட்டுப் பணம் இந்த ஊர்ப் பெயருக்குள் கிடக்கிறது. ஆனால் பீங்கான் தொழிற்பேட்டை உள்ள ஊரில் களிமண்ணைக் குறிக்கும் 'கிளே' கிடைக்காது, ஒய் இல்லை. பீங்கானுக்கு ஆங்கிலத்தில் உள்ள இன்னொரு பெயர் 'சைனா'வும் கிடைக்காது, என் இல்லை. சிலர் ஊர்ப் பெயரில் ஒரு யு சேர்த்து எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் 'மட்' கிடைக்கும். சேறாவது மிஞ்சியது!

போன் செய்வது வெறும் ஸ்டாக் டேக்கிங். அகராதியில் உள்ள ஒவ்வொரு சொல்லாக எடுத்து, இதற்கு எத்தனை ஏ வேண்டும், கையிருப்பில் இருக்கிறதா என்று சரிபார்த்து, இருந்தால் வெளியே தள்ளுகிறது. குடோன் கிளார்க் வேலை. கிளார்க்குக்குச் சரக்கு என்னவென்று தெரிய வேண்டியதில்லை.

மனிதர்களாலும் இது முடியும். ஸ்க்ராபிளைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ், 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்த ஆர்க்கிடெக்ட். பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, ஈ-க்குப் பன்னிரண்டு வில்லைகள், க்யூவுக்கு ஒன்றே ஒன்று என்று வைத்தார். நியூஸிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் அதே ஆட்டத்தின் பிரெஞ்சு சாம்பியன்ஷிப்பை 2015-ல் வென்றார், பிரெஞ்சு பேசத் தெரியாமலே! 2024-ல் ஸ்பானிஷிலும் அதே கதை. பிரமாதமான மூளை. அதை மொழித் தேர்ச்சி என்று யாரும் சொல்லவில்லை. நம் பள்ளிக்கூடங்கள் மட்டும் இந்த மாதிரிப் பட்டியலுக்கு 'வொகாபுலரி' என்று பெயர் வைத்து டிக் போடுகின்றன.

பையனிடம் கேட்டேன். "திர்ஹாம்னு எழுதியிருக்கியே, அப்படின்னா என்ன?"

"தெரியாது அங்கிள். லிஸ்ட்ல இருந்துச்சு."

அம்மா குறுக்கிட்டார். "டேய், மாமா துபாய்லேர்ந்து அனுப்பறாரே, அதுதான்டா!"

பையன் நோட்டைத் திரும்பத் திறந்து அந்தச் சொல்லையே பார்த்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. அதற்கு மேலே எழுதியிருந்த டிராக்மாவும் இதுவும் ஒரே குடும்பம் என்றேன். கிரேக்கர்களின் டிராக்மாதான் அரபு நாட்டுப் பக்கம் போய் திர்ஹாம் ஆனது. இந்தியாவுக்கு வந்து, இந்தியில் விலையைச் சொல்லும் 'தாம்' ஆனது. கிரேக்கர்களே 2002-ல் யூரோவுக்கு மாறி டிராக்மாவைக் கைகழுவிவிட்டார்கள். பட்டியலில் இரண்டு சொல்லும் அடுத்தடுத்து நின்றும் இதைச் சொல்லவில்லை.

தமிழிலும் எழுத்து விளையாட்டு பழசு. தண்டியலங்காரம் சித்திரக்கவி வகைகளில் அக்கரச் சுதகம் என்று ஒன்றைச் சொல்கிறது. ஒரு சொல்லிலிருந்து எழுத்தை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வர வேண்டும். மிஞ்சுவது ஒவ்வொரு தடவையும் பொருள் தர வேண்டும். பாதிக்கு மேல் வறட்டு வித்தை என்பது என் கட்சி. மிறைக்கவி, அதாவது கஷ்டப்படுத்துகிற கவி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? ஆனாலும் பொருள் இல்லாவிட்டால் அங்கே ஆட்டம் செல்லாது.

இதே ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். விருத்த அசலம், பழைய மலை. தேவாரத்தில் முதுகுன்றம். 'விருத்த'வைக் கழற்றினால் அசலம், அசையாதது, மலை. முன்னால் உள்ள 'அ'வையும் எடுத்துவிட்டால் சலம், அசைவு, தண்ணீர். ஓர் எழுத்து போனதும் மலை நீராகிவிட்டது. அதற்கு மேல் உரித்தால் ஒன்றும் தேறாது.

அந்தத் தண்ணீரில்தான், இங்கே ஓடும் மணிமுத்தாற்றில்தான், சுந்தரர் பன்னிரண்டாயிரம் பொன்னைப் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் தேடி எடுத்தார் என்பது கதை. 'ஆத்துல போட்டுக் குளத்துல தேடறது' என்கிறோமே, அது இதுதான். எனக்குப் பிடித்தது அதற்கடுத்த கட்டம். கொடுத்தது சிவபெருமான். இருந்தும் மனிதர் நம்பவில்லை, பொன்னை உரைத்துப் பார்க்கச் செய்கிறார். முதலில் மாற்றுக் குறைகிறது. பாடிச் சரிசெய்து கொள்கிறார். உரைத்துச் சொன்ன பிள்ளையாருக்கு அங்கே மாற்றுரைத்த பிள்ளையார் என்றே பெயர்.

இருபதே சொல் போதும். பக்கத்தில் இன்னொரு கோடு கிழித்து, 'இதை எங்கே கேட்டாய், யார் சொன்னார்கள்?' என்று ஒரு காலம் சேர்த்தால் அந்த ஹோம்வொர்க்கை நானே உட்கார்ந்து செய்வேன். போனும் உதவாது.

ரயில் வந்தது. ஏறுகிற அவசரத்தில் எட்டிப் பார்த்தேன். திர்ஹாமுக்கு நேரே பென்சிலில் 'மாமா' என்று எழுதியிருந்தான். மிஸ் அதற்கு டிக் போட்டாரா, சிவப்பு மையில் அடித்தாரா, தெரியாது.