ஜவ்வாது மலையின் ஒற்றையடிப் பாதைகள்

ஒடுகத்தூரிலிருந்து தெற்கே பார்த்தால் ஜவ்வாது மலை நிற்கிறது. பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு என்று மேலே மலையாளி பழங்குடிகளின் ஊர்கள். அங்கே ஏறும் ஒற்றையடிப் பாதைகளை எந்த எஞ்சினியரும் போடவில்லை. தலைச்சுமையோடு நடந்தவர்கள் போட்டவை. அதனால்தான் இவ்வளவு நேர்த்தி. செங்குத்தை நேராக முட்டாமல், பாம்பு போல வளைந்து ஏறும். மூச்சு வாங்கும் இடத்தில் தவறாமல் ஒரு மர நிழல் இருக்கும். சுமையை இறக்கிவைக்க இடுப்புயரப் பாறையும் கிடைத்துவிட்டால் யோகம்தான். கால்பட்டுக் கால்பட்டு வழவழத்த கற்களில் செருப்பு வழுக்கும், வெறுங்கால் வழுக்காது.

சாமை, புளி, தேன் எல்லாம் இப்படித்தான் கீழே வந்தன. கடுக்காயும் வந்தது. ஆவாரம்பட்டையோடு அதையும் சேர்த்துத் தோல் பதனிட்ட காலம் ஒன்று உண்டு.

பாதையை ரசிப்பது சும்மா ஏறிப் பார்க்கிறவனுக்கு எளிது. நோயாளியை டோலி கட்டித் தூக்கி இறங்கியவர்களிடம் இந்த ரசனை எடுபடாது. 2023-இல் இதே மலைத்தொடரின் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்தது. தார்ச்சாலை வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனாலும் சாலை வந்த ஊர்களில்கூட, ஆடு மேய்ப்பவர்கள் கொண்டை ஊசி வளைவுகளைக் குறுக்கே வெட்டி, பழைய தடத்திலேயே இறங்குகிறார்கள். அதுதான் சீக்கிரம்.