புகைபோக்கியில் முளைத்த முஷ்டி

ரம்பப் பல்லைப் போன்ற கூரையோடு ஒரு தொழிற்சாலை. புகைபோக்கி நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கை எழும்பி நிற்கிறது, உச்சியில் இறுக மூடிய முஷ்டி. கட்டடத்தின் மேல் ‘போராட்டம் தொடர்கிறது’ என்று கையெழுத்தில் ஒரு வரி. ஒரே நிறம். முகமோ நிழலோ கிடையாது. மாணவர் கிளர்ச்சியும் தொழிலாளர் வேலைநிறுத்தமும் பிரான்சை உலுக்கிய 1968 மே மாதம் பாரிஸ் சுவர்களில் ஏறிய இந்தச் சுவரொட்டியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. தொழிலாளியைத் தனியே வரையாமல், ஆலையையே அவன் உடம்பாக்கிவிட்டார்கள்!

வரைந்தவர் பெயர் அதில் இல்லை. மாணவர்களும் ஓவியர்களும் சேர்ந்து ‘எகோல் தே போஸார்’ கலைக் கல்லூரியைக் கைப்பற்றி, அதற்குள் ‘அத்தெலியே பொப்யுலேர்’ என்ற மக்கள் பட்டறையை நடத்தினார்கள். கையெழுத்துப் போடுவதில்லை என்பது அங்கே கட்டுப்பாடு. முதல் சுவரொட்டியை லித்தோ என்ற கல்லச்சில் 30 பிரதிகள் அடித்து, விற்றுப் பணம் திரட்டலாம் என்று எடுத்துப் போனார்களாம். வழியிலேயே மாணவர்கள் பறித்துச் சுவரில் ஒட்டிவிட்டதாக ஓவியர் ஜெரார் ஃப்ரொமான்ஷே நினைவுகூர்ந்திருக்கிறார்.

அப்புறம்தான் ஸ்கிரீன் பிரிண்டிங் வந்தது. நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையும் கட்சிக்காரர்களின் துணி பேனரும் அடித்த அதே முறைதான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் மேல் மையை ஊற்றி ரப்பர் பட்டையால் வழித்தால், ஒரே இழுப்பில் ஒரு பிரதி. இரண்டாவது நிறம் வேண்டுமானால் இன்னொரு ஸ்கிரீன், இன்னொரு முறை காய வைக்க வேண்டும். அதற்கெல்லாம் நேரம் ஏது? அந்த அவசரம்தான் கோடுகளைத் தடிக்க வைத்தது, தேவையற்றதை உதிர்த்தது.

வரைவுகளைப் பொதுக்கூட்டத்தில் வைத்து விவாதித்தார்கள். அரசியல் கருத்து சரியா, படம் அதைச் சொல்கிறதா என்ற இரண்டே கேள்விகள். ஓர் உதாரணம்: மாணவர் தலைவர் டேனியல் கோன்-பெந்தித் அன்று ஜெர்மன் குடியுரிமை கொண்டிருந்த யூதர். அவர் பிரான்சுக்குள் திரும்பி வர அரசு தடை போட்டது. போலீஸ்காரரை நேருக்கு நேர் பார்த்துச் சிரிக்கும் அவருடைய பத்திரிகைப் புகைப்படத்திலிருந்து முகத்தை எடுத்து, ‘நாம் எல்லோரும் யூதர்கள், ஜெர்மானியர்கள்’ என்று எழுதினார்கள். விவாதத்தில் அது ‘நாம் எல்லோரும் வேண்டாதவர்கள்’ என்று மாறியது. அரசு விரட்டத் துடித்த ஒரு மனிதனின் சிரிப்புக்குள், அந்த ஒரு மாற்றத்தால் புலம்பெயர்ந்த தொழிலாளி வரை எல்லாருக்கும் இடம் கிடைத்துவிட்டது. குழுவாக உட்கார்ந்து திருத்தினால் கலை நீர்த்துப்போகும் என்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தச் சுவரொட்டியைத்தான்.

அன்றைக்குத் தொலைக்காட்சி முழுக்க அரசின் கையில். இன்னொரு சுவரொட்டியில், ஹெல்மெட் மாட்டிய கலகத் தடுப்புப் போலீஸ்காரன் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். ‘தினமும் இரவு 8 மணிக்குப் போலீஸ் உங்களோடு பேசுகிறது’ என்கிறது வாசகம். அதைப் பார்த்தவர்கள் அன்றிரவு செய்தியைப் பழைய கண்ணோடு பார்த்திருக்க முடியுமா?

ஜூன் தேர்தலில் அதிபர் தெகோலின் கட்சி பெரும்பான்மையோடு ஜெயித்தது. ஜூன் 27 அன்று போலீஸ் பட்டறையைக் காலி செய்தது. வாக்குப்பெட்டியை அந்தச் சுவரொட்டிகளால் அசைக்க முடியவில்லை. ஆனால் காசில்லாமல், அச்சக முதலாளியின் தயவில்லாமல் எதிர்ப்பை அச்சடிக்கும் வழியை அவை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்தன. 1970இல் அமெரிக்கா கம்போடியாவுக்குள் படையை அனுப்பியபோது, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்கிரீனைக் கையில் எடுத்தார்கள். கம்ப்யூட்டர் அறைகள் கழித்துப்போட்ட காகிதத்தின் பின்பக்கத்தில், போர் வேண்டாம் என்று அடித்துத் தள்ளினார்கள்.